சத்தியபாமா ரீச்சரின் பிழை விசாரணை

யாழ்ப்பாணத் தீவுகளில் சுருவில் என்ற ஊர்ப் பக்கம் சத்தியபாமா ரீச்சரைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரைத் தூரத்தில் கண்டாலே கொஞ்சம் ஒதுங்கித்தான் போவார்கள். அவர் கோபக்காரியும் அல்ல, ஊர்வம்பு பேசுகிறவரும் அல்ல. யாராவது ஏதாவது பிழை விட்டுவிட்டால் ஆளை விடமாட்டார், அதுதான் அவரிடம் உள்ள கரைச்சல். திட்டமாட்டார், திருத்தவும் மாட்டார். அந்தப் பிழை எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டு நிற்பார்.

பக்கத்து வளவில் மதில் கட்டிய மேசன் ஒருநாள், சரிந்துபோன பக்கத்தைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு வெற்றிலை போட்டபடி நின்றார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ரீச்சர் சைக்கிளை நிறுத்தி, எந்த வரியில் இருந்து சரியத் தொடங்கியது என்று கேட்டார். மனுசி நக்கல் அடிக்கிறது என்று நினைத்து மேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் ரீச்சரின் முகத்தில் நக்கலின் நிழல்கூட இல்லை. குழந்தைப்பிள்ளை கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி மதிலையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் மேசனே மனமிரங்கி, நூல் கட்டாமல் கண்மட்டத்தில் வைத்த வரியைத் தொட்டுக் காட்டினார். அன்றைக்கு ரீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனாலும் மிகுந்த சந்தோசத்தோடுதான் போனார். தபால் கந்தோரில் வேலை பார்க்கும் கணவர் இதைக் கேள்விப்பட்டு, உமக்குப் பொலிஸில் வேலை கிடைத்திருக்க வேண்டும் என்றார்.

இந்தக் குணத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. தகப்பனார் தெற்கில் கடை வைத்திருந்து, கலவரத்தோடு கடையையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர். தொண்ணூறில் சண்டையால் சனம் வெளியேறித் தீவுகள் வெறுமையானபோது சத்தியபாமா ஐந்தாம் வகுப்பு. குடும்பம் யாழ்ப்பாணப் பக்கம் வீடு மாறி வீடு மாறி இருந்ததால் பள்ளிக்கூடமும் மாறிக்கொண்டே இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் நெடும் வகுத்தலின் விடையை வலப்பக்கம் எழுதச் சொன்னார்கள். அடுத்ததில் மேலே கோடு போட்டு அதன்மேல் எழுதச் சொன்னார்கள். இன்னொன்றில் படிப்படியாகக் கழித்துக்கொண்டு போகவேண்டும். ஒவ்வோர் இடத்திலும், முந்தின இடத்தில் படித்த முறையில் செய்துகாட்டியபோது அடிமட்டத்தால் கையில் அடி விழுந்தது. விடை மூன்றிலும் ஒன்றுதான். விடை சரியென்றால் எப்படிப் பிழையாகும் என்று அந்தப் பிள்ளை மனதுக்குள் கேட்டுக்கொண்டது. வாய்விட்டுக் கேட்டிருந்தால் இன்னும் இரண்டு அடி கூட விழுந்திருக்கும். பதில் சொல்ல ஒருவரும் கிடைக்காமல், கடைசியில் அவரே ரீச்சராகிவிட்டார்.

அவர் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் சின்னது. பிள்ளைகள் குறைவு என்பதால் நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில். சிலர் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள், சிலர் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள், சிலருக்குச் சாமான் எல்லாம் கனடாவில் இருந்து வரும். காலையில் முதல் வேலை, கரும்பலகையில் ஒரு பிழையான விடை. இதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பிழை விசாரணை. ஒருநாள் 403இல் இருந்து 178ஐக் கழித்து 375 என்று எழுதிப் போட்டார். இதை எழுதியவர் யார் என்று கேட்கக்கூடாது. எழுதியவர் மொக்கு என்று சொல்லக்கூடாது. மொக்கு என்பது காரணமே இல்லை என்பது ரீச்சரின் சட்டம். அந்த ஆள் என்ன நினைத்து அப்படி எழுதினார் என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகள் பென்சிலைக் கடித்தார்கள், ஆளுக்காள் குசுகுசுத்தார்கள். தேனுஜன் என்ற பொடியன்தான் முதலில் பிடித்தான். எது மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்று அந்த ஆள் பார்க்கவில்லை, ஒவ்வொரு நிரலிலும் பெரிய இலக்கத்தில் இருந்து சின்னதைக் கழித்திருக்கிறார் என்றான். அதன்பிறகு கடன் வாங்கிக் கழிப்பதைப் பற்றி ரீச்சர் பெரிதாக ஒன்றும் சொல்லவேண்டி இருக்கவில்லை.

வாசிப்புக்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. கதையைப் பாதியில் நிறுத்திப் புத்தகத்தை மூடிவிடுவார். ஒவ்வொரு பிள்ளையும் கதையிடம் ஒரு கேள்வி கேட்டால்தான் புத்தகம் திறக்கும். எழுத்துக்கு வேறு வழி. ஏதாவது ஒரு வேலையைச் செய்யும் முறையை ஒரு பிள்ளை எழுதும். இன்னொரு பிள்ளை எழுதியிருக்கிறபடியே, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல், எல்லார் முன்னாலும் செய்துகாட்டும். மிரோஜன் தேத்தண்ணி போடும் முறை எழுதியபோது "பால்மாவைக் கோப்பையில் போடவும்" என்று மட்டும் எழுதியிருந்தான். எவ்வளவு என்று எழுதவில்லை. தேனுஜன் பைக்கற்றையே கோப்பைக்குள் நுழைக்கப் பார்த்தான். வகுப்பு சிரித்து முடிய நேரம் எடுத்தது. மிரோஜன் தானாகவே தாளை வாங்கிக்கொண்டு போய் மறுபடி எழுதினான்.

இவ்வளவு கெட்டிக்காரியான ரீச்சர்தான் நிலாந்தி விசயத்தில் சறுக்கினார்.

நிலாந்தி ஐந்தாம் வகுப்பு. மெல்லிய குரல், கேட்டதற்கு மட்டும் பதில். தகப்பன் கடல்தொழில், தாய் அல்போன்சம்மா வலையில் இருந்து நண்டு கழற்றுகிற வேலை. அந்தப் பிள்ளைக்கு வாய்ப்பாடு தண்ணீர்பட்ட பாடு. 24ஐ மூன்றால் வகு என்றால் கண்ணிமைக்குமுன் எட்டு என்பாள். அதே கணக்கை வசனத்தில் கொடுத்தால் ஆறு என்று எழுதுவாள். சில நாள் சரியாகவும் எழுதுவாள். ஒரு நாள் சரி, ஒரு நாள் பிழை, ஒரே தாளில் ஒன்று சரி அடுத்தது பிழை. வெறும் இலக்கமாக இருந்தால் சரி, வசனமாக வந்தால் தடுமாற்றம் என்றால், பிள்ளைக்கு வாசித்து விளங்கிக்கொள்வதில்தான் குறை என்று ரீச்சர் முடிவுகட்டினார். மேசனிடம் எந்த வரியில் இருந்து சரிந்தது என்று கேட்ட மனுசி, இந்தப் பிள்ளையிடம் கேட்கவில்லை. தவணை முடிகிற அவசரம் என்று சொல்லலாம். பதில் தெரிந்துவிட்டது என்று நினைக்கிற இடத்தில் எவருக்கும் கேள்வி வருவதில்லை என்றும் சொல்லலாம்.

அந்தச் சமயத்தில்தான் பின்தங்கிய பிள்ளைகளைப் பற்றி வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்து விபரம் கேட்டிருந்தார்கள். நிலாந்தியின் பெயருக்கு நேரே ரீச்சர் "வாசித்து விளங்கும் ஆற்றல் குறைவு" என்று ஒரு வரி எழுதி அனுப்பினார். அந்த வரி போய்ச் சேர்ந்த இடத்தில் பெரிதாக வளர்ந்துவிட்டது. வேறொரு பாடசாலையில் இருந்த விசேட கல்வி அலகில் பிள்ளையைச் சேர்ப்பதா என்று தீர்மானிக்க, இராசேஸ்வரி என்ற அலுவலர் வந்து பார்ப்பார் என்று அதிபருக்கு அறிவித்தல் வந்தது.

விசேட கல்வி அலகு கூடாத இடம் அல்ல. தேவைப்படுகிற பிள்ளைக்கு அது பெரிய உதவி. ஆனால் நல்ல கண் உள்ள பிள்ளைக்குக் கண்ணாடி மாட்டிவிட்டால் அதற்கு இருக்கிற பார்வையும் மங்கிப்போகும்.

அறிவித்தல் வந்த அடுத்த நாள் அல்போன்சம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கையில் நண்டுமுள் கிழித்த காயங்கள் இருந்தன. கதிரையில் இருக்கச் சொன்னபோது இருக்கவில்லை.

"பிள்ளைக்கு மூளை குறைவெண்டு எழுதிட்டீங்களாம். உண்மையோ ரீச்சர்?"

அப்படி எழுதவில்லை என்றார் சத்தியபாமா. சொல்லும்போதே, எழுதியதற்கு ஊரில் அதுதான் அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அல்போன்சம்மா சண்டை பிடிக்க வரவில்லை. அந்த அலகு இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும், தன்னால் கூட்டிக்கொண்டு போய் வர ஏலாது, அப்படியென்றால் பிள்ளை வீட்டிலேயே நிற்கட்டும் என்று தகப்பன் சொல்லிவிட்டார் என்றார். பிறகு குரலைத் தணித்து, அவள் என்ன பிழை செய்தவள் என்று கேட்டார். பிழைகளைப் பற்றி ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தவருக்கு, தன் வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளை என்ன பிழை செய்கிறது என்று தெரியவில்லை.

அந்தக் கிழமை எழுத்துப் பாடத்தில் நிலாந்தியின் முறை வந்தது. வள்ளத்தில் ஏறும் முறை பற்றி எழுதியிருந்தாள். மேசையைக் கவிழ்த்து வள்ளமாக்கி, தோட்டக்கார வீட்டுப் பிள்ளையான மிரோஜனை ஏறச் சொன்னார் ரீச்சர். தண்ணீர் முழங்காலைத் தாண்டும் இடத்தில் நில். அலை வள்ளத்தைத் தூக்கும்போது ஏறாதே, இறக்கும்போது ஏறு. விளிம்பை ஒரு கையால் மட்டும் பிடி, மற்றக் கையை உள்ளே வை. ஏறியதும் நிமிராமல் நடுப்பலகையில் இரு. இதைத் தாளில் படித்துப் படித்து, ஒரு நாளும் வள்ளத்தில் கால் வைக்காத மிரோஜன் தடுமாறாமல் ஏறி இருந்தான். அவனுக்கே ஆச்சரியம். ரீச்சர் தாளை வாங்கி மறுபடி வாசித்தார். இன்னொருவருக்கு எங்கே விளங்காமல் போகும் என்று முன்கூட்டியே அறிந்து எழுதுகிற பிள்ளைக்கு வாசித்து விளங்காதா? தான் எழுதிய வரி பொய் என்று அந்த நிமிடம் அவருக்குத் தெரிந்துவிட்டது. எது உண்மை என்பதுதான் தெரியவில்லை.

இடைவேளையில் நிலாந்தியின் பழைய தாள்களை எல்லாம் எடுத்து, சரியான வசனக் கணக்குகளை ஒரு பக்கமும் பிழையானவற்றை மறுபக்கமும் பரப்பினார். இந்தமுறை இலக்கங்களைப் பார்க்காமல் கதையைப் பார்த்தார். சரியான பக்கத்தில் ரொபி இனிப்புகளைப் பிரித்தார்கள், பென்சில்களைப் பிரித்தார்கள், பிறந்தநாள் கேக்கை வெட்டினார்கள். பிழையான பக்கத்தில் மீன், இறால், மாங்காய், வெங்காயம். சாப்பாட்டுச் சாமான் என்றால் பிழை வருகிறதோ என்று முதலில் நினைத்தார். ரொபியும் சாப்பிடுகிற சாமான்தானே. பிறகு விடைகளைப் பார்த்தார். மூன்று பேர் என்ற இடத்தில் நாலால் வகுத்திருக்கிறாள். நாலு பேர் என்ற இடத்தில் ஐந்தால். பிழை எல்லாம் ஒரே அச்சு. தடுமாறுகிற பிள்ளை இப்படி ஒழுங்காகத் தடுமாறாது. பல நாளாகத் தேடிய சாமான் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது என்று ரீச்சருக்குத் தெரிந்துவிட்டது.

நிலாந்தியைக் கூப்பிட்டு, ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டைகளை எண்ணி வைத்தார். மூன்று பேர் கடலுக்குப் போய் இவ்வளவு மீன் பிடித்துக்கொண்டு வந்தார்கள், எனக்குப் பிரித்துக் காட்டும் என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை சுறுசுறுப்பாகக் கொட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போனாள். மேசையில் நாலு குவியல் வந்தது.

"இது ஆருக்கு?" என்று நாலாவது குவியலைத் தொட்டுக் கேட்டார்.

"வள்ளத்துக்கு, ரீச்சர்."

இதைக்கூடத் தெரியாமல் கேட்கிறாரே என்ற மாதிரி நிலாந்தி அவரைப் பார்த்தாள். அவர்கள் கரையில் வலைக்கும் வள்ளத்துக்கும் சேர்த்து ஒரு பங்கு வைத்துவிட்டுத்தான் மிச்சத்தை ஆட்கள் எடுப்பார்கள். வள்ளம் வைத்திருப்பவர் கடலுக்கு வராவிட்டாலும் அந்தப் பங்கு அவருக்குப் போகும். மாங்காய் என்றால் மரக்காரருக்கு ஒரு பங்கு. வெங்காயம் என்றால் நிலத்துக்காரருக்கு. கேட்கக் கேட்க நிலாந்தி சொல்லிக்கொண்டே போனாள். அந்த ஆண்டு முழுக்கப் பேசியதைவிட அன்று கூடப் பேசினாள். அப்படியென்றால் ரொபிக்கு ஏன் அப்படிப் பங்கு வைக்கவில்லை என்று ரீச்சர் கேட்டார்.

"ரொபியை ஆரோ சும்மா குடுக்கிறது. ஒருத்தரும் ஒண்டும் கொண்டுபோய் உழைக்கேல்லையே."

சத்தியபாமாவுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னாலேயே வெட்கமும் வந்தது. அவர் வளர்ந்த வீட்டுக்கு மீன் விற்கிறவர் படலை வாசலுக்கே கொண்டுவந்தார். பங்கெல்லாம் பிரிந்து முடிந்த பிறகுதான் வந்தது. கரையில் அதற்கு முன்னால் ஒரு கணக்கு நடக்கிறது என்பது, இத்தனை ஆண்டு கடலுக்கு நடுவில் இருந்தும் அவர் தலைக்குள் ஏறவில்லை. அந்தப் பிள்ளை கணக்கை வாசித்திருக்கிறாள். மற்றவர்களைவிட ஆழமாக வாசித்திருக்கிறாள். அதற்குத்தான் விளங்கும் ஆற்றல் குறைவு என்று இவர் எழுதி அனுப்பியிருக்கிறார்.

இனி எல்லாம் சுகம் என்றுதான் ரீச்சர் நினைத்தார். நோய் தெரிந்தால் மருந்து தெரியும்தானே. பேப்பரில் வரும் கணக்கில் வள்ளத்துக்குப் பங்கு கிடையாது, எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறதோ அவர்களுக்கு மட்டும்தான் என்று நிலாந்திக்குச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளை தலையை ஆட்டினாள். அடுத்த நாள் வந்த கணக்கில் மூன்று அண்ணன்மாரும் ஒரு தங்கையும் 24 ரொபிகளைப் பிரித்தார்கள். நிலாந்தி எட்டு என்று எழுதியிருந்தாள்.

தங்கச்சிக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டார்.

"நீங்கள்தானே ரீச்சர் கடைசிப் பங்கு வைக்கவேண்டாமெண்டு சொன்னனீங்கள்."

அதோடு அவளுக்குக் கணக்கே பயமாகிவிட்டது. ஒவ்வொரு கணக்குக்கும் தாளைத் தூக்கிக்கொண்டு வந்து, இதில் பங்கு இருக்கிறதா இல்லையா என்று கேட்டாள். முன்பு சரியாகச் செய்த ரொபிக் கணக்கும் கையை விட்டுப் போயிற்று. அலுவலர் வருகிற நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. யோசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் யோசிக்காதே என்று சொல்லிவிட்டேனே என்று சத்தியபாமா கணவரிடம் புலம்பினார். கணவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சொன்னதைத் திருப்பி எடுக்கலாம்தானே என்றார். சில வேளைகளில் அந்த மனுசனும் பிரயோசனமாகப் பேசுவார்.

ரீச்சர் சொன்னதைத் திருப்பி எடுத்தார். பிறகு நிலாந்திக்கு மட்டும் அல்ல, முழு வகுப்புக்கும் ஒரு புது வழி வைத்தார். வசனக் கணக்கை மூன்று முறை வாசிக்க வைத்தார். முதல் தடவை இலக்கங்களை விரலால் மறைத்துக்கொண்டு கதையாக மட்டும் வாசிக்க வேண்டும். இரண்டாம் தடவை என்ன கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மூன்றாம் தடவைதான் இலக்கங்களுக்கு இடம். பென்சிலைத் தொடுமுன், அந்தக் கணக்கு சொல்லாமல் விட்ட ஒரு விசயத்தையாவது சொல்லவேண்டும் என்றும் ஒரு விதி வைத்தார்.

அந்த விதி வந்தபின் வகுப்பைக் கட்டுப்படுத்த முடியவில்லை. ஒரு பஸ் மணிக்கு நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் எங்கும் நிறுத்தாமல் போகிறது என்று ஒரு கணக்கு. எங்கும் நிறுத்தாத பஸ் எது, ஊர்காவற்றுறை பஸ் என்றால் அல்லைப்பிட்டியில் ஒரு ஆச்சியாவது மறிப்பாரே என்று மிரோஜன் எழுந்து நின்றான். குழாயால் தொட்டி நிரம்பும் கணக்கில், கரண்ட் நின்றால் என்ன செய்வது என்று தேனுஜன் கேட்டான். மணி அடிக்கும்வரை இதே கூத்து. பக்கத்து வகுப்பு ரீச்சர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் கேட்டு முடிந்தபின் பிள்ளைகள் தாங்களாகவே, சரி, இந்தக் கணக்கு அதை எல்லாம் இல்லையென்று வைத்துக்கொள்ளச் சொல்லுது என்று வேலைக்கு இறங்கினார்கள். நிலாந்தி ஒரு மூலையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகளும் கணக்கிடம் கேள்வி கேட்கிறார்கள் என்பது அவளுக்குப் புதினமாக இருந்திருக்க வேண்டும். தாளைத் தூக்கிக்கொண்டு வருவது குறைந்தது. பிறகு நின்றுவிட்டது.

அலுவலர் வருகிற காலையில் அதிபர் ரீச்சரைத் தனியே கூப்பிட்டார். நல்ல மனிதர், பிள்ளையை விட்டுவிட அவருக்கும் மனம் இல்லை. வள்ளம் கிள்ளம் என்று ஒன்றும் கதைக்காமல் விடையை மட்டும் எழுதும்படி பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள், வருகிறவருக்கு இதெல்லாம் விளங்காது என்றார். அது நியாயமான பயம்தான். சத்தியபாமா நிலாந்தியிடம் போனார். பின்னலைச் சரிசெய்துவிட்டார். சொல்லவேண்டியது நாக்கு நுனிவரை வந்தது. போன தடவை சொன்னதும் அந்தப் பிள்ளை எப்படிச் சுருங்கிப்போனாள் என்ற நினைவும் கூடவே வந்தது. ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து, தான் செய்தது சரியா என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

இராசேஸ்வரி வேறு இரண்டு பள்ளிக்கூடங்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். களைத்த முகம், ஆனால் கடுமையான மனுசி அல்ல. பிள்ளைக்கு ஒரு ரொபி கொடுத்துப் பக்கத்தில் இருத்தினார். ரீச்சர் பின்னால் இருக்கலாம், வாய் திறக்கக்கூடாது. அல்போன்சம்மா வெளியே விறாந்தை வாங்கில் இருந்தார். வெறும் கணக்குகள் எல்லாம் சரியாக வந்தன. ஒரு பந்தியை வாசித்துக் கேட்ட கேள்விகளுக்கும் மெல்லிய குரலில் சரியான பதில்கள் வந்தன. அலுவலருக்கே, இந்தப் பிள்ளையை எதற்கு அனுப்பினார்கள் என்று தோன்றியிருக்கும். பிறகு ஒரு அட்டையை எடுத்து வைத்தார். நான்கு மீனவர்கள் ஒரு வள்ளத்தில் சென்று 60 மீன்களைப் பிடித்தனர். அவற்றைச் சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு எத்தனை மீன்கள் கிடைக்கும்?

வேறு எந்த அட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. சத்தியபாமா கதிரையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நிலாந்தி இலக்கங்களை விரலால் மறைத்து வாசித்தாள். விரலை எடுத்துவிட்டு மறுபடி வாசித்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"மிஸ், வள்ளம் ஆற்றை?"

இராசேஸ்வரிக்கு விளங்கவில்லை. கணக்கை வாசித்தீரா என்று கேட்டார். வாசித்தேன், வள்ளம் யாருடையது என்று எழுதவில்லை என்றாள் பிள்ளை. அலுவலர் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, தன் தாளில் சின்னதாக ஏதோ எழுதினார். என்ன எழுதியிருப்பார் என்று சத்தியபாமாவுக்கு அங்கிருந்து பார்க்காமலே தெரிந்தது. எழுந்து போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது. சொன்னால் பிள்ளைக்காக ரீச்சர் கணக்குச் செய்த மாதிரி ஆகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

உமக்குத் தெரிந்த மாதிரிச் செய்யும் என்றார் அலுவலர்.

நிலாந்தி எழுதத் தொடங்கினாள். ஒரு வரி எழுதினாள், யோசித்தாள், அடுத்த வரியும் எழுதினாள். தாளை இரண்டு கையாலும் நீட்டினாள். "வள்ளம் அவர்களுடையது என்றால் ஒருவருக்கு 15. வள்ளம் வேறு ஆளுடையது என்றால் ஒருவருக்கு 12, வள்ளக்காரருக்கும் 12." பக்கத்தில் இரண்டு வகுத்தலும் ஒழுங்காகச் செய்திருந்தாள்.

இராசேஸ்வரி வாசித்தார். திருப்பி வாசித்தார். இரண்டு விடை இருக்கிறதே, நான் ஒன்றைத்தானே எடுக்கலாம், இதில் எது சரியான விடை என்று கேட்டார். இந்தமுறை அவருடைய குரல் சோதனை செய்கிறவரின் குரலாக இல்லை.

நிலாந்தி உண்மையாகவே யோசித்தாள்.

"அது கணக்கு எழுதினவரைத்தான் கேக்க வேணும் மிஸ்."

நிலாந்தியை வகுப்புக்குப் போகச் சொல்லிவிட்டு, அலுவலர் பின்னால் திரும்பினார். வாசித்து விளங்காது என்று எழுதியது யார் என்று கேட்டார்.

"நான்தான் எழுதினனான்," என்றார் சத்தியபாமா. "அவளுக்கு விளங்கினது. எனக்குத்தான் விளங்கேல்லை."

இராசேஸ்வரி தன் தாளை அவர் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். சற்று முன்பு சின்னதாக எழுதியது, ரீச்சர் எழுதிய அதே வரிதான். அலுவலர் அதைக் குறுக்கே வெட்டிவிட்டு, பிள்ளை இந்த வகுப்பிலேயே தொடரவேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். இந்த அட்டையை எத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் வைத்தேனோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதை மற்ற அட்டைகளோடு சேர்க்காமல் வேறாக எடுத்து வைத்தார்.

விறாந்தையில் அல்போன்சம்மா அதற்குள் எழுந்து நின்றிருந்தார். உள்ளே நடந்தது ஒன்றும் அவருக்குத் தெரியாது. மகள் நேரத்தோடு வெளியே வந்ததைக் கண்டதும் கதை முடிந்துவிட்டது என்றே நினைத்துவிட்டார். அழவில்லை. வகுப்பு வாசலில் தொங்கிய மகளின் புத்தகப் பையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு அவளுடைய கையைப் பிடித்து, வா பிள்ளை வீட்டை போவம் என்றார். பின்னாலேயே ஓடிவந்த சத்தியபாமா அந்தக் காட்சியைக் கண்டு விறாந்தையிலேயே நின்றுவிட்டார்.

நிலாந்தி தாயின் தோளில் இருந்து பையைக் கழற்றி வாங்கினாள்.

"இன்னும் மணி அடிக்கேல்லை அம்மா," என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் போய்த் தன் கதிரையில் இருந்தாள்.